துணியோடு சேர்பவை, சேராதவை

துணியை அடித்தளமாகக் கொண்டு, அதன்மேல் வேறு துணி, நூல், மணி, சுடுமண், காகிதக்கூழ், ஓலை, கொட்டாங்கச்சி, வண்ணம் ஆகியவற்றுள் இரண்டையோ மூன்றையோ இணைத்துச் செய்யும் கைவேலை இவ்வத்தியாயத்தில் பல்பொருள் துணிவேலை என்று குறிக்கப்படுகிறது. ஒரே துணியில் தைப்பவருக்கு அத்துணியின் இயல்பை அறிந்திருந்தால் போதும். பல பொருள்கள் சேரும்போதோ, நீரிலும் வெயிலிலும் இஸ்திரிப்பெட்டியின் சூட்டிலும் ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதால், பருத்தி சுருங்க அதன்மேல் தைத்த பாலியஸ்டர் சுருங்காமல் உப்பி நிற்பதும், சுடுமண் மணி சாயத்தைக் குடித்துக் கறுப்பதும், பசை இளகிக் கண்ணாடி வில்லை உதிர்வதும் நேர்கின்றன. தமக்கென்று செய்துகொண்ட பொருளின் பலவீனத்தைச் செய்தவர் அறிவார்; அதற்கேற்பப் பார்த்துக் கையாளுவார். பரிசாகச் செய்ததோ கைமாறிவிடுகிறது; பெற்றவர் அதை வாளியில் ஊறவைப்பார், துவைக்கும் இயந்திரத்தில் போடுவார், மொட்டைமாடிக் கொடியில் நாள் முழுவதும் கிடக்க விடுவார். ஆகவே, பரிசு செய்யப் புகுபவர் நிறத்தையும் உருவத்தையும் எண்ணுவதற்கு முன்பே, இது எவ்வாறு துவைக்கப்படும் என்ற கேள்விக்கு விடை கண்டுவிட வேண்டும். துவைக்கவே வேண்டாதது, அணியுறுப்புகளைக் கழற்றிவிட்டுத் துவைப்பது, அப்படியே துவைப்பது என்னும் மூவகையில் எது என்று முடிவானால், எதை எதனோடு சேர்ப்பது என்பதில் பாதி தீர்ந்துவிடும்.

கோலியனூர் வட்டாரத்தில் கிடைப்பவை

விழுப்புரத்துக்குக் கிழக்கே, புதுச்சேரி சாலையில் அமைந்த கோலியனூரை நடுவாக வைத்துப் பார்த்தால், இவ்வேலைக்கு வேண்டிய பொருள்களுள் பெரும்பாலானவை அரைநாள் பயணத்துக்குள் கிடைத்துவிடுகின்றன. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற சிறுவந்தாடு அருகிலேயே இருக்கிறது. சுடுமண் வேலைக்கான வில்லியனூரும் காகிதக்கூழ் வேலைக்கான திருக்கனூரும் புதுச்சேரி மாநிலத்தைச் சேர்ந்தவை எனினும், விழுப்புரம் எல்லையை ஒட்டியவை. இரண்டின் கைவினைகளும் புவிசார் குறியீடு பெற்றவை, அதாவது அவ்வூர்ப் பெயரால் வழங்கும் உரிமை சட்டப்படி காக்கப்பட்டவை. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பமும் அக்குறியீட்டைப் பெற்றிருக்கிறது. மரச்சிற்பத்தைத் துணியில் தைக்க முடியாதென்றாலும், பட்டறையில் கழியும் சிறு துண்டுகள் நல்ல பித்தான்களாகும். ஓலை விக்கிரவாண்டிப் பக்கத்துப் பனைகளிலிருந்து கிடைக்கிறது. வெட்டுத்துணிக்கு எந்த ஊர்த் தையற்கடையும் போதும். புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையில் கூடும் ஞாயிறு சந்தையில் பித்தான், நாடா, ஜரிகைப் பட்டி முதலியன மலிவாகக் கிடைக்கும்.

திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி பயிரிட்டு நீலம் எடுக்கும் தொழில் இன்றும் நடைபெறுவதைத் தனியே குறிப்பிட வேண்டும். இக்கடற்கரைக்கு நீலத்துணி புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து சென்ற அவுரி நீலத்துணி ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் கோந்து வணிகத்தின்போது பணத்துக்கு ஈடாகவே கைமாறியது. அவுரியின் வேதியியலை ஓரளவு அறிந்துகொள்வது பரிசு செய்பவருக்கு நேரடியாகப் பயன்படும். இலையை நீரில் ஊறவைத்து, வடித்த நீரை அடித்துக் கலக்கிக் காற்றேற்றும்போது நீலம் வண்டலாகப் படிகிறது. அதை உலர்த்திக் கட்டியாக்குகின்றனர். நீலக்கட்டி நீரில் கரையாதது. சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துப் புளிக்கவைத்த தொட்டியில் அது கரையும் வடிவுக்கு மாறி, நீர் மஞ்சள் கலந்த பச்சையாகத் தெரியும். அதில் தோய்த்தெடுத்த துணி காற்றுப்பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். இவ்வாறு நாரில் தங்கிய நீலம் வெயிலுக்கும் சோப்புக்கும் எளிதில் அசையாது. ஆனால் மேற்பரப்பில் ஒட்டியுள்ள மிகைநீலம் உரசினால் வரும். எனவே, அவுரித் துணியை நீர் தெளியும்வரை தனியே அலசிய பின்னரே வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைக்க வேண்டும். அவசரத்தில் இப்படி அலசாமல் தைத்த வெள்ளைப் பூ, முதல் துவையலிலேயே நீலப்பூவாகிவிடும்.

ஒரு முன்மாதிரி

பரிசையும் வெட்டுத்துணியையும் சேர்த்து எண்ணுபவர்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே பிறந்த ஒரு பொம்மையை அறிந்திருப்பது நல்லது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், வானூர் வட்டத்தை ஒட்டிய ஆரோவில்லில் உமா பிரஜாபதி நடத்திவந்த உபாசனா என்னும் ஆடை வடிவமைப்பகம், கடலோர மீனவப் பெண்களுக்கு மனஆறுதலும் கைத்தொழிலும் ஒருசேரக் கிடைக்க வேண்டுமென்று, ஆடை தைத்து மிஞ்சிய துண்டுத்துணிகளைக் கொண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு பொம்மையொன்றைச் செய்யப் பயிற்சி அளித்தது. சுனாமிகா என்று பெயரிடப்பட்ட அப்பொம்மை விற்கப்படவில்லை. அது அன்பளிப்பாகவே வழங்கப்பட்டது. பெற்றவர் விரும்பினால் நன்கொடை தந்தார். அந்நன்கொடையிலிருந்து செய்த பெண்களுக்கு ஊதியம் சென்றது. விலைச்சீட்டு இல்லாத பொருள் பல நாடுகளுக்குப் பயணித்தது.

கைவினை என்ற நோக்கில் இப்பொம்மையில் கவனிக்கத்தக்கது அதன் சிக்கனமான வடிவம். கட்டைவிரல் அகலத் துண்டுத்துணிகூட வீணாகாத அளவில் உருவம் திட்டமிடப்பட்டுள்ளது. நுணுக்கமான தையல் பயிலாதவரும் சில நாள் பழக்கத்தில் செய்துவிட முடிகிறது. பரிசு செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, முதலில் படத்தில் கண்ட ஓர் உருவத்தைத் தீர்மானித்துவிட்டு, அதற்கேற்ற துணியைத் தேடிக் கடைகடையாக அலைகின்றனர். கையில் உள்ள துண்டின் அளவிலிருந்து உருவத்துக்குச் செல்வதே செலவும் சோர்வும் குறைந்த வழி.

யாருக்குப் பழந்துணி, யாருக்குப் புதுத்துணி

மேலைநாட்டுக் கைவினை நூல்கள் பழைய ஆடைகளிலிருந்து நினைவுப்பரிசு செய்வதை ஐயமின்றிப் பரிந்துரைக்கின்றன. தமிழ்க் குடும்பங்களில் இதைச் சற்று யோசித்தே பின்பற்ற வேண்டும். திருமணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா போன்ற மங்கல நிகழ்வுகளில் உடுத்திய துணியைக் கொடுப்பது மரபன்று. கோடித்துணியின் ஓரத்தில் மஞ்சள் தடவிக் கொடுப்பதே முறை என்று கருதும் பெரியவர்கள் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றனர். சம்பந்தி வீட்டுக்குச் செல்லும் பரிசில் பழஞ்சேலைத் துண்டு இருப்பது தெரியவந்தால், எத்தனை அழகாகத் தைத்திருந்தாலும் அது குறையாகவே பேசப்படும். கறுப்பு நிறத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பச்சிளங்குழந்தைக்கு மட்டும் இவ்வழக்கம் தலைகீழாகிறது. பிறந்த குழந்தையைப் பலமுறை துவைத்து மென்மையான வேட்டித் துணியில் ஏந்துவதும், தாயின் அல்லது பாட்டியின் நூற்சேலையில் தூளி கட்டுவதும் நெடுங்கால வழக்கமாகையால், அங்கே பழந்துணியே உயர்ந்த பரிசு. மறைந்தவரின் சேலையிலோ சட்டையிலோ நினைவுப்பொருள் செய்ய விரும்புவோர் வெட்டுவதற்கு முன் அக்குடும்பத்தினரிடம் கேட்டுவிட வேண்டும். அத்துணியை மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்திருப்பதே சிலருக்கு ஆறுதல். கத்தரி பட்டபின் அதை மீட்க முடியாது.

துணியைச் சோதித்தல்

வெட்டுத்துணி எந்த நாரால் ஆனது என்பதைத் தையற்காரரே பலசமயம் உறுதியாகச் சொல்ல இயலாது. ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தட்டொன்றின்மேல் தீயில் காட்டினால் விடை கிடைத்துவிடும். பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு மயிர் கருகும் நாற்றத்தோடு மெதுவாக எரிந்து, தேய்த்தால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியபின் நகத்தால் உடைக்க முடியாத கறுப்பு உருண்டையாக நிற்கும். கலப்புத்துணியில் இரண்டு அடையாளங்களும் சேர்ந்து தோன்றும். ஒரே பொருளில் பருத்தியையும் பாலியஸ்டரையும் சேர்ப்பது தவறன்று. பருத்தியை முன்னரே சுருங்க வைத்துவிட வேண்டும் என்பதே நிபந்தனை.

வெளுக்காத, கஞ்சி நீங்காத பருத்தித் துணியான காடா, முதல் நனைப்பில் மீட்டருக்கு 5 செ.மீ.க்கும் மேல் சுருங்குவது உண்டு. அதை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி, சற்று ஈரம் இருக்கும்போதே இஸ்திரி செய்துகொள்ள வேண்டும். பழஞ்சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் இழை விலகிய இடங்கள் தெரியும். கொசுவமும் அமருமிடமும் முதலில் நைவதால், முந்தானையிலிருந்தும் உடலின் மேற்பகுதியிலிருந்தும் துண்டெடுப்பதே பாதுகாப்பு. பழம்பட்டு மடிப்புக் கோட்டில் வெடிக்கும்; அதைத் தனியே பயன்படுத்தாமல், மெல்லிய பருத்தி உள்துணியைப் பின்னால் வைத்துக் கட்டங்கட்டமாக ஓட்டுத்தையலிட்டு ஒரே துணிபோல ஆக்கிக்கொண்ட பின்னரே வெட்ட வேண்டும். ஓட்டுத்தையல் என்பது ஊசியை மேலும் கீழுமாகச் சீராக ஓட்டிச் செல்லும் அடிப்படைத் தையல்.

துணியை நூலோட்டத்துக்கு நேராக வெட்டுவதும் சாய்வாக வெட்டுவதும் ஒன்றல்ல. சாய்வாக வெட்டியதைத் தையற்காரர்கள் உரேப் என்பர். அது இழுத்தால் நீளும் தன்மையுடையதாகையால் வளைவான விளிம்புகளைச் சுற்றிப் பட்டி வைப்பதற்கு மிகவும் ஏற்றது, பைக்குக் கைப்பிடியாக வைப்பதற்கு முற்றிலும் ஏற்காதது.

இணைக்கும் வழிகள்

ஒரு துணியின்மேல் வேறு துணியில் வெட்டிய உருவத்தை வைத்து விளிம்பைத் தைப்பது ஒட்டுத்துணி வேலை எனப்படும். தமிழகத்தில் இதன் சிறந்த வடிவம் தேர்ச்சீலைகளிலும், தேரின் மூலைகளில் தொங்கும் உருளை வடிவத் தொம்பைகளிலும் காணப்படுகிறது. தஞ்சை, கும்பகோணப் பகுதிகளில் இதைச் செய்யும் கைவினைஞர் உள்ளனர். சிவப்பு அடித்துணியில் வெள்ளை, மஞ்சள், பச்சை உருவங்களைப் பதித்து, விளிம்பில் நாடாவோ கயிறோ வைத்துத் தைத்து, அடியில் குஞ்சம் கட்டும் அம்முறையில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது: விளிம்புக் கயிறு அழகுக்காக வைத்ததுபோலத் தோன்றினாலும், வெட்டிய ஓரத்தின் பிசிறை மறைத்து, தேர் அசையும்போது தையல்மீது விழும் இழுப்பை அதுவே தாங்குகிறது. வீட்டில் செய்யும் சிறு தொங்கலுக்கும் இது பொருந்தும். ஓரத்தை அரை செ.மீ. உள்ளே மடிக்கத் தெரியாத தொடக்கநிலையினர் மடிக்காமலே வைத்து, மேலே முறுக்கு நூலை வளைத்துத் தைத்துவிடலாம்.

பூத்தையல் நூல் பொதுவாக ஆறு இழைகளைக் கொண்டது. இலை நரம்புக்கும் முகத்தின் கண் மூக்குக்கும் இரண்டு இழை போதும். விளிம்புக்கு மூன்று வேண்டும். ஆறையும் சேர்த்துத் தைப்பது விரைவாக முடியும், ஆனால் துணி சுருக்கமிட்டு இழுக்கும். ஊசியில் கோக்கும் நூல் முன்கையின் நீளத்துக்கு மேற்படாமல் இருந்தால் சிக்காது.

பசையைப் பற்றிக் கைவேலை செய்வோரிடையே மிகையான நம்பிக்கை உண்டு. கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை நீரில் இளகும். துப்பாக்கி வடிவக் கருவியில் உருக்கி இடும் பசைக்குச்சி இஸ்திரிச் சூட்டில் மீண்டும் உருகும். மைதாப் பசை கரப்பானையும் செல்லையும் அழைக்கும். புத்தகம் கட்டுவோர் பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நச்சாகையால், குழந்தைகள் தொடும் பொருளில் அவ்வழியை நாடக்கூடாது. தைப்பதற்கு முன் துண்டு நகராமல் நிற்கப் பசையை ஒரு புள்ளி வைக்கலாம். அதற்குமேல் அதை நம்பியிருக்க வேண்டாம். துவைக்கக்கூடிய பரிசில் ஒவ்வோர் உறுப்பும் நூலால் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை விதியாகவே கொள்ளலாம்.

துணிவண்ணம் தீட்டுவோர், வண்ணம் ஒரு நாள் முழுவதும் உலர்ந்தபின் துணியைப் புரட்டிப் பின்புறமாக இஸ்திரி செய்து, மூன்று நாள் கழித்தே நனைக்க வேண்டும். கஞ்சி நீங்காத துணியில் தீட்டிய வண்ணம் கஞ்சியோடு சேர்ந்து போய்விடும்.

மணி, ஓலை, காகிதக்கூழ்

சுடுமண் மணியின் துளை பெரும்பாலும் சொரசொரப்பானது. ஆடும்போதெல்லாம் நூலை அறுக்கும். வாங்கியவுடன் துளையில் ஈர்க்குச்சியைச் சுற்றிய உப்புத்தாளை நுழைத்துத் தேய்த்துவிட்டு, மெழுகு பூசிய இரட்டை நூலில் கோத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். நீரை உறிஞ்சும் இயல்புடையதாகையால், சாயம் கசியும் துணியோடு அதைச் சேர்ப்பது கூடாது. கொட்டாங்கச்சிப் பித்தான் இதற்கு நேர்மாறு: வழவழப்பாகத் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் துவையலையும் இயந்திரத்தையும் தாங்கும். பல்பொருள் வேலையில் புதிதாக இறங்குபவர் துணிக்கு அடுத்து முதலில் பழகவேண்டிய பொருள் இதுவே.

பனையோலையில் குருத்தோலையே துணியில் தைப்பதற்கேற்றது. முற்றிய ஓலை ஊசி பட்ட இடத்தில் கிழியும். ஈரத்துணியில் சுற்றி ஒரு மணி நேரம் வைத்திருந்தால் வளைந்துகொடுக்கும், உலர்ந்ததும் விறைக்கும். ஓலையைச் சேர்த்த பையைத் துவைக்க முடியாது. ஆகவே ஓலைப்பட்டையை ஒரு சிறு துணித்துண்டில் தைத்து, அத்துண்டைக் காஜாவும் பித்தானும் வைத்துப் பையின்மேல் மாட்டுவதுபோல் அமைத்தால், துவைக்கும்போது கழற்றிவிடலாம். காஜா என்பது பித்தான் நுழையும் துளையும் அதன் விளிம்புத் தையலும்.

காகிதக்கூழ், ஊறிய காகிதத்தை அரைத்துப் பசையும் சுண்ணாம்புப் பொடியும் கலந்து வார்ப்பது. கொலுவுக்கான பொம்மை செய்ய விரும்புவோர், தலையும் கைகளும் காகிதக்கூழாகவும் உடல் துணியாகவும் வைத்துக்கொண்டால், எடை குறைந்து ஆடையும் இயல்பாக மடியும். கழுத்தின் அடியில் சுற்றிலும் ஒரு பள்ளம் விட்டு வார்த்து, அப்பள்ளத்தில் துணியுடலின் கழுத்தைப் பொருத்தி நூலால் இறுகக் கட்டினால் பசையே தேவைப்படாது. ஆடை நைந்தபின் புதிய உடலைத் தைத்து மாற்றவும் முடியும். இது துவைக்கவே வேண்டாத வகையைச் சேர்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மழைமாதங்களில் பரணில் ஈரம் ஏறாமல் காகிதத்தில் சுற்றி வைக்க வேண்டியது.

மூன்று பரிசுகள்

திருமணத்துக்கும் வளைகாப்புக்கும் மொத்தமாகத் தேவைப்படும் தாம்பூலப் பை, இக்கலையில் கைபழகுவதற்கு ஏற்ற பொருள். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பைகள் தடைசெய்யப்பட்டு, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் அரசால் தொடங்கப்பட்டபின், ஒரு காலத்தில் பட்டிக்காட்டு அடையாளமாக எள்ளப்பட்ட மஞ்சள் பை விழாக்களுக்குத் திரும்பியிருக்கிறது. 25 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட பைக்கு 27 செ.மீ. அகலமும் 68 செ.மீ. நீளமும் உள்ள ஒரே துண்டை வெட்டி, மேல்விளிம்பு இரண்டையும் நான்கு நான்கு செ.மீ. மடித்துத் தைத்து, நடுவில் மடித்துப் பக்கங்களை ஒரு செ.மீ. உள்ளே தைக்க வேண்டும். கைப்பிடிக்கு 6 செ.மீ. அகலம், 40 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டிகளை நாலாக மடித்துக்கொள்ளலாம். நனைத்துச் சுருங்கியபின் ஒரு மீட்டர் நீளமும் 81 செ.மீ.க்குக் குறையாத அகலமும் தேறும் துணியில் மூன்று பைகளும் அவற்றின் கைப்பிடிகளும் அடங்கும். 36 அங்குல அகலத் துணியில் சுருங்குவதற்கென்று பத்து செ.மீ. கூடுதலாக வாங்கினால் போதும். ஒட்டுத்துணி உருவத்தையும் பித்தானையும் பக்கங்களை மூடுவதற்கு முன்பே தைத்துவிட வேண்டும். மூடிய பைக்குள் கைவிட்டுத் தைப்பது இரட்டிப்பு வேலை.

நிறத்துக்கு மஞ்சள்பொடியில் தோய்க்கலாமா என்பது பலரும் கேட்கும் கேள்வி. மஞ்சள் சாயம் வெயிலில் விரைவாக வெளுக்கும் என்பது ஒருபுறமிருக்க, காரப்பொருள் பட்டால் சிவக்கும். வெற்றிலை பாக்கோடு சுண்ணாம்பும் உள்ளே செல்லும் தாம்பூலப் பைக்கு அது சற்றும் பொருந்தாத சாயம். கடையில் விற்கும், சாயம் நிற்கும் மஞ்சள் துணியே இங்கு ஏற்றது.

புதுமனை புகுவோருக்குத் துணியாலான மாவிலைத் தோரணம் கொடுப்பது இப்போது பரவலாகிவருகிறது. மூன்றடி வாசலுக்கு, 5 செ.மீ. அகல இலைகள் பதினைந்தை ஒரு செ.மீ. இடைவெளியில் தொங்கவிட்டால் 89 செ.மீ. நிறையும். இலையொன்றுக்கு இரண்டு துண்டாக முப்பது துண்டுகள் வேண்டும். தைத்தபின் 14 செ.மீ. நீளம் வரவேண்டுமானால், தையலுக்கு விடுவதையும் சேர்த்து 15 செ.மீ.க்கு 6 செ.மீ. அளவில் வெட்ட வேண்டும். 36 அங்குலத் துணியில் ஒரு வரிசைக்குப் பதினைந்து அடங்குவதால் அரை மீட்டர் தாராளம். இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்களை உள்முகமாக வைத்துத் தைத்து, காம்புப் பக்கம் விட்ட வாயின் வழியே புரட்டி, இலை விறைப்பாக நிற்க உள்ளே பக்ரம் என்னும் கஞ்சியேற்றிய துணியை வைத்து, நடுநரம்பைப் பூத்தையல் நூலால் போட வேண்டும். இடைவெளிகளில் சுடுமண் மணிகளைத் தொங்கவிடுவது அழகே எனினும், அவற்றின் எடையால் மெல்லிய கயிறு நடுவில் தொய்யும், 4 செ.மீ. அகலத் தலைப்பட்டிக்குள் மூங்கில் தப்பையைச் செருகினால் தொய்யாது, கழற்றித் தூசி தட்டவும் வசதி. மஞ்சளின்மேல் அவுரி ஏற்றிப் பச்சையாக்கிய துணியை இதற்குப் பயன்படுத்தினால், கிழக்கு வாசலில் சில மாதங்களில் மஞ்சள் வெளுத்து மாவிலைகள் நீல இலைகளாகிவிடும்.

குழந்தை விரிப்பு, இம்மூன்றில் நேரத்தை அதிகம் வாங்குவது. செய்யும் முறையோ மிக எளியது. பழைய நூற்சேலையிலிருந்து 75 செ.மீ. அகலமும் 90 செ.மீ. நீளமும் கொண்ட மூன்று துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருக்கமின்றி விரித்து, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி விரலகல இடைவெளியில் ஓட்டுத்தையல் வரிசைகளை ஓட்டிச்செல்ல வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கங்கள் நடுவில் வந்து குவிந்துவிடும். வங்காளத்தின் காந்தாவும், வட கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தியும் இதே அடிப்படையில் பிறந்தவை. சித்திப் பெண்கள் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச்சுற்றி வருகின்றனர், ஆனால் அதற்குத் தேர்ந்த கை வேண்டும். பாலியஸ்டர் தையல்நூல் வலிமையானது என்று எண்ணி அதைப் பயன்படுத்துவோர் உண்டு. நைந்த மென்துணியை அந்நூலே காலப்போக்கில் அறுத்துவிடுமாதலால், துணியைப் போலவே மென்மையான பருத்தி நூல்தான் இங்கு ஏற்றது. உள்ளே பஞ்சு வைக்க விரும்புவோர் இலவம் பஞ்சைத் தவிர்க்க வேண்டும்; அது துவைத்தால் கட்டியாகும். பருத்திப் பஞ்சு மழைக்காலத்தில் எளிதில் உலராமல் பூஞ்சணம் பிடிக்கும். மூன்றடுக்குச் சேலையே நம் வெப்பத்துக்குப் போதும்.

குழந்தைக்குரிய எந்தப் பொருளிலும் மணி, பித்தான், சமிக்கி, ஒட்டிய கண் ஆகியவை இடம்பெறலாகாது. 3.17 செ.மீ. விட்டமுள்ள சோதனை உருளைக்குள் அடங்கிவிடும் உதிரிப்பகுதி எதுவும் மூன்று வயதுக்குட்பட்டோரின் விளையாட்டுப்பொருளில் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 9873 கூறும் வரம்பு. தொண்டையில் சிக்கும் அபாயத்தைக் கணக்கிட்டு வகுத்தது அது. இந்த அளவில், மேலே பாராட்டிய சுனாமிகாவும் கைக்குழந்தைக்கு ஆகாத பரிசே. பொம்மையின் கண்ணையும் வாயையும் நூலால் போட்டுவிட வேண்டும். நீள நாடாக்களையும் விடலாகாது.

கொடுக்குமுன்

முடிந்த பொருளைக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை, பெறுபவர் துவைக்கப்போகும் விதத்திலேயே துவைத்துப் பார்ப்பது நல்லது. ஒரே மாதிரியாகப் பல செய்வோர் அவற்றுள் ஒன்றை மட்டும் சோதித்தால் போதும். ஒன்றே செய்பவர் அதே துணி, அதே நூல், அதே மணியைக் கொண்டு உள்ளங்கையளவு மாதிரி ஒன்று தைத்து அதைத் துவைக்கலாம். இக்கட்டத்தில் வெளிப்படும் குறை பெரும்பாலும் மணியை வேறு நூலில் கோப்பதாலோ, ஓரத்துக்கு மேலும் ஒரு தையல் இடுவதாலோ சரியாகிவிடும். மங்கல நிகழ்வுக்குரிய பொருளாயின் மாதிரியைத்தான் துவைக்க வேண்டும். துவைத்தது கோடியாகாது என்று சொல்பவர்கள் இருப்பார்கள்.

பரிசோடு வைக்கும் வாழ்த்துச் சீட்டின் பின்பக்கத்தில், குளிர்நீரில் தனியாக அலசவும், நிழலில் உலர்த்தவும், பின்புறமாக இஸ்திரி செய்யவும் என்பதுபோல இரண்டொரு வரி எழுதுவது போதுமானது. சீட்டு தொலைந்துவிடும் என்பதால், பையிலும் விரிப்பிலும் உள்தையலில் ஒரு சிறு நாடாத்துண்டைச் சேர்த்து, அழியாத மையால் அதையே எழுதிவிடுவோரும் உண்டு. அச்சீட்டோடு ஒரு காகிதப் பொட்டலத்தில் அதே மணி இரண்டும் அதே நூல் ஒரு முழமும் வைத்துக் கொடுத்தால், ஒன்று உதிர்ந்தாலும் பெற்றவரே தைத்துக்கொள்வார்.